23 பேரை எழுதுவது எப்படி? சர்வதேச ரக்பி போட்டிக்கான அணித் தேர்வு, படிப்படியாக

ரக்பி யூனியனில் மைதானத்தில் இறங்குவது 15 பேர். கோச் எழுதிக் கொடுப்பது 23 பேர். ரசிகர்கள் தங்கள் கனவு அணியை எழுதும்போது 15 பேரைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள்; மிச்சம் இருப்பவர்களில் நல்லவர்களாக எட்டுப் பேரைப் பொறுக்கி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். சர்வதேசப் போட்டிக்கு அப்படி எழுதினால் சரிவராது. 23 பேருக்கும் சேர்த்து ஒரே கணக்காகப் போட வேண்டும். கணக்கைத் தொடங்க வேண்டியது நட்சத்திர விங்கரிடமிருந்து அல்ல, யாரும் போஸ்டர் ஒட்டாத முன்வரிசை ஆட்களிடமிருந்து.

உதாரணத்துக்கு ஒரு நிஜ அணியைக் கூடவே வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 28, பாரிஸை ஒட்டிய சாந்த்-தெனியில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. அன்று தென்னாப்பிரிக்கா கொடுத்த பட்டியல் போல விவாதிக்கப்பட்ட பட்டியல் ரக்பியில் குறைவு. தலைமைக் கோச் ஜாக் நீனாபர், அவருக்கு மேலே இயக்குநராக ரஸ்ஸி எராஸ்மஸ்.

ஒரு தாளில் 1 முதல் 23 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். ரக்பியில் ஜெர்சி எண்தான் ஆடும் இடம்: 1, 3 ப்ராப், 2 ஹூக்கர், 4, 5 லாக், 6, 7 ஃப்ளாங்கர், 8 நம்பர் எயிட். இவர்கள் எட்டுப் பேரும் ஃபார்வர்டு; இதில் 1, 2, 3 முன்வரிசை, 6, 7, 8 பின்வரிசை. 9 ஸ்க்ரம்-ஹாஃப், 10 ஃப்ளை-ஹாஃப், 12, 13 சென்டர், 11, 14 விங், 15 ஃபுல்பேக். இவர்கள் பேக்ஸ். 16 முதல் 23 வரை பெஞ்ச்.

படி 1: யாரெல்லாம் கையில் இருக்கிறார்கள்?

முதலில் தகுதி. ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர், தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கு முன்பு 36 மாதம். இப்போது 60 மாதம். 2022 தொடக்கத்திலிருந்து இன்னொரு கதவும் திறந்தது: ஒரு நாட்டுக்கு ஆடியவர், மூன்று ஆண்டு சர்வதேச ரக்பி ஆடாமல் இருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ மாறலாம். ஜீன் க்ளெய்ன் என்ற லாக் 2019 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடினார். 2023 இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் 19ஆம் எண் சட்டை அவருடையது.

அப்புறம் நாட்டுச் சங்கத்தின் கொள்கை. நியூசிலாந்தும் இங்கிலாந்தும் வெளிநாட்டு கிளப்புக்குப் போனவரைப் பொதுவாக எடுப்பதில்லை. தென்னாப்பிரிக்கா ஜப்பானில் ஆடுபவரையும் எடுக்கும், பிரான்ஸில் ஆடுபவரையும் எடுக்கும். எந்த நாட்டுக்கு அணி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பட்டியலில் பாதிப் பேர் இங்கேயே அடிபடலாம். போட்டி நடக்கும் தேதியையும் பாருங்கள். சர்வதேசப் போட்டிகளுக்கென்று ஒதுக்கிய வாரங்களில் கிளப்புகள் வீரர்களை விட்டுத்தர வேண்டும். அதற்கு வெளியே நடக்கும் போட்டிக்கு விட வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாகக் காயம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானவர் அடுத்த சனிக்கிழமை ஆடுவார் என்று எழுதிவிடாதீர்கள். 2022க்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது 12 நாள் ஓய்வு. அதாவது அடுத்த வாரப் போட்டி போச்சு.

படி 2: எப்படி ஜெயிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

ஒரே வரி போதும், ஆனால் பெயர்களுக்கு முன்னால் அது இருக்க வேண்டும். “பந்தை உதைத்து அவர்கள் பாதியில் வைத்து, ஸ்க்ரமில் பெனால்டி வாங்கி, மூன்று மூன்றாகப் புள்ளி சேர்ப்போம்” என்பது ஒரு வரி. “வேகமாகப் பந்தை விங்குக்குக் கொண்டுபோவோம்” என்பது இன்னொரு வரி. இரண்டுக்கும் ஒரே 23 பேர் பொருந்தமாட்டார்கள். (ஸ்க்ரம் என்பது இரண்டு அணியின் ஃபார்வர்டுகளும் கோர்த்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது. பெனால்டியைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி.)

இந்த வரியை எழுத மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எதிரணியின் பலவீனம், அன்றைய வானிலை, உங்கள் ஆட்களின் களைப்பு. மூன்றாவதை ரசிகர்கள் அநேகமாக மறந்துவிடுவார்கள். 2023இல் தென்னாப்பிரிக்கா காலிறுதியில் பிரான்ஸை 29-28 என்றும், அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என்றும் வென்று வந்தது. இரண்டிலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கடைசி விசில் வரை உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டங்கள். நியூசிலாந்து அரையிறுதியில் அர்ஜென்டினாவை 44-6 என்று நசுக்கியது, அதுவும் ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமையே. ஆக எதிரணிக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு, லேசான ஆட்டம். தென்னாப்பிரிக்காவின் ஃபார்வர்டுகள் 80 நிமிடம் தாங்குவார்களா என்பதுதான் அந்த வாரத்தின் உண்மையான கேள்வி. அவர்களுடைய பெஞ்ச் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதை விடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

படி 3: முன்வரிசைக்கு ஆறு பேர்

இப்போது பெயர் எழுதலாம். முதலில் 3, அப்புறம் 1, 2, உடனே 16, 17, 18.

ஏன் 3? ஸ்க்ரமில் இரண்டு அணியின் முன்வரிசையும் தலையைக் கோர்த்துக்கொள்ளும்போது, 1ஆம் எண் ப்ராப்பின் இடது தோள் வெளியே காற்றாட இருக்கும். 3ஆம் எண் ப்ராப்பின் தலை மட்டும் எதிரணியின் ப்ராப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். இரண்டு பேரின் தள்ளலும் அவர் கழுத்திலும் தோளிலும் இறங்கும். அவர் நிலைகுலைந்தால் ஸ்க்ரம் வலது பக்கம் சரியும், நடுவர் கை தூக்குவார், பெனால்டி. அந்த இடத்தில் தாக்குப்பிடிப்பவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால்தான் சுமாரான ஃப்ளை-ஹாஃபை விட சுமாரான 3ஆம் எண் ஆபத்தானவர்.

மாற்று ஆட்களை ஏன் உடனே எழுத வேண்டும் என்றால், விதி அப்படி. 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசையின் மூன்று இடத்தில் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஒரு மாற்று ஆள் இருந்தே ஆக வேண்டும். கழுத்து முறியும் அபாயம் உள்ள இடம், யாரையும் பிடித்துப் போட முடியாது. முன்வரிசைக்கு ஆள் தீர்ந்துவிட்டால் ஸ்க்ரமில் தள்ளுமுள்ளே இருக்காது, பெயருக்குக் கோர்த்துப் பந்தை எடுப்பார்கள். அந்த நிலைமையை உண்டாக்கிய அணி, வெளியேறியவருக்கு மாற்று இறக்கவும் முடியாது.

2022 பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலிக்கு இதுதான் நடந்தது. தொடங்கிய சற்று நேரத்திலேயே ஹூக்கர் காயம்பட்டு வெளியே போனார். மாற்று ஹூக்கர் உள்ளே வந்து, ஆபத்தான டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை வாங்கினார். மூன்றாவது ஹூக்கர் இல்லை. சிவப்பு அட்டைக்கு ஒருவர், ஹூக்கர் இல்லாத குற்றத்துக்கு இன்னொருவர் என்று முதல் பாதியிலேயே 13 பேரோடு ஆட வேண்டியதாயிற்று. அயர்லாந்து 57-6.

பெஞ்சில் இருப்பவர் கடைசி 20 நிமிடத்துக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் 2019 யோகோஹாமா இறுதிப் போட்டியைத் தேடிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் 3ஆம் எண் கைல் சின்க்லர் மூன்றாம் நிமிடத்திலேயே மயங்கி விழுந்து வெளியே போனார். 18ஆம் எண் டான் கோல் மிச்ச ஆட்டம் முழுக்கத் தனியாகச் சுமந்தார். எதிரே தென்னாப்பிரிக்கா முதலில் ஒரு முன்வரிசையைக் காட்டியது, பிறகு அதே தரத்தில் இன்னொன்றைப் புதிதாக இறக்கியது. ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் பெனால்டி. முடிவு 32-12.

ஆகவே 18ஆம் எண்ணுக்கு எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இவர் 75 நிமிடம் ஆட வேண்டி வந்தால்? பதில் சொல்ல வாய் வராவிட்டால் ஆளை மாற்றுங்கள்.

படி 4: லாக்கும் பின்வரிசையும்

4 முதல் 8 வரை எழுதும்போது லைன்அவுட்டில் (ஓரக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை ஹூக்கர் மீண்டும் உள்ளே எறியும்போது) பந்துக்குக் குதிப்பவர்களை எண்ணுங்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் மட்டும் என்றால் எதிரணி அந்த இரண்டு பேரைக் காவல் காத்துவிட்டுப் போய்விடும். தென்னாப்பிரிக்காவுக்கு எபன் எட்ஸெபெத், ஃப்ராங்கோ மொஸ்டெர்ட் என இரண்டு லாக், மூன்றாவதாக ஃப்ளாங்கர் பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட். அன்று 28 டேக்கிள் செய்து ஆட்ட நாயகன் ஆனவரும் அவரே. (தென்னாப்பிரிக்காவில் 6, 7 எண்கள் மற்ற நாடுகளுக்குத் தலைகீழ். 6ஆம் எண் சியா கோலிசி செய்யும் வேலையைப் பிற நாடுகளில் 7 செய்வார். குழம்ப வேண்டாம்.)

ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் மோதலில்) பந்தைப் பிடுங்கும் குட்டையான இரண்டு பேரை ஒன்றாக ஆட வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஆஸ்திரேலியக் கோச் மைக்கேல் செய்கா 2015 உலகக் கோப்பையில் மைக்கேல் ஹூப்பரையும் டேவிட் பொகாக்கையும் 7, 8 என்று சேர்த்தே இறக்கினார். தரையில் பந்து நிறையக் கிடைத்தது, இறுதிப் போட்டி வரை போனார்கள். ஆனால் அந்தச் சேர்க்கையில் லைன்அவுட்டில் ஒரு உயரமான ஆளை இழக்கிறீர்கள். எதிரணி நிறைய உதைத்து ஆடும், நிறைய லைன்அவுட் வரும் என்று தெரிந்தால் நான் செய்யமாட்டேன்.

படி 5: 9, 10, அப்புறம் உதைப்பவர்

உதைப்பவர் யார் என்பதை 10ஆம் எண்ணோடு சேர்த்து முடிவு செய்யாதீர்கள். தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பந்தைக் கையில் வைத்து விளையாட்டுக் காட்டுபவர் வேறு, 40 மீட்டரில் கோணத்திலிருந்து கம்பத்துக்கு நடுவே அனுப்புபவர் வேறு.

2023இல் தென்னாப்பிரிக்காவுக்கு இதுதான் தலைவலி. கெண்டைக்கால் காயத்திலிருந்து மீளாததால் ஹான்ட்ரே பொல்லார்ட் முதலில் 33 பேர் குழுவிலேயே இல்லை. 10ஆம் எண் மானி லிபொக். பாஸிலும் கண்ணிலும் அருமையான ஆட்டக்காரர், கம்பத்துக்கு உதைப்பதில் நிதானம் இல்லை. அயர்லாந்திடம் 13-8 என்று தோற்றபோது லிபொக்கும் ஃபாஃப் டி க்ளெர்க்கும் தவறவிட்ட உதைகள்தான் பேச்சு.

அதற்குள் ஒரு வாய்ப்பு வந்தது, காயத்தின் வடிவில். உலகின் தலைசிறந்த ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தால் போட்டித் தொடரிலிருந்து வெளியேறினார். ஹூக்கர் போனால் ஹூக்கரைத்தான் அழைப்பார்கள். எராஸ்மஸும் நீனாபரும் அழைத்தது பொல்லார்டை. ஹூக்கர் இடத்துக்கு போங்கி ம்போனாம்பி ஒருவர், அவருக்குப் பின்னால் டியான் ஃபூரி. 36 வயது ஃபூரி அப்போது ஃப்ளாங்கர், இளமையில் ஹூக்கராக ஆடியவர். கிட்டத்தட்ட ஒரு ஹூக்கரை விற்று, உதைக்கும் கால் ஒன்றை வாங்கினார்கள்.

அரையிறுதியில் லிபொக் தொடங்கினார், 31ஆம் நிமிடத்திலேயே எடுத்துவிட்டார்கள். முதல் பாதியில் 10ஆம் எண்ணைக் காயம் இல்லாமல் மாற்றுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே சங்கடம்தான். ஆனால் 77ஆம் நிமிடத்தில் மாற்று ப்ராப் ஆக்ஸ் ந்சே ஸ்க்ரமில் வாங்கித் தந்த பெனால்டியை, பாதி மைதானத்துக்கு அருகிலிருந்து பொல்லார்ட் உள்ளே அனுப்பினார். இறுதிப் போட்டியில் நான்கு உதை, நான்கும் உள்ளே, தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளியும் அவருடையது. நியூசிலாந்து ஒரு ட்ரை போட்டது (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது), அதற்கான கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கம்பத்துக்கு உதைக்கும் கூடுதல் உதை) தவறியது, கடைசியில் ஒரு நீண்ட பெனால்டியும் தவறியது.

மழை வரும், எதிரணி சமபலம் என்றால் புள்ளிகள் மூன்று மூன்றாகத்தான் வரும். அப்படிப்பட்ட நாளில் உதைப்பவரை முதலில் எழுதி, அவரைச் சுற்றிப் பேக்ஸைக் கட்டுங்கள். 10 உதைக்காவிட்டால் 12 அல்லது 15 உதைக்கலாம். யாராவது ஒருவர், பெஞ்சிலாவது ஒரு மாற்று.

9, 10 ஜோடி முடிந்தவரை ஒரே கிளப்பிலோ பல ஆட்டங்களிலோ பழகிய ஜோடியாக இருக்கட்டும். தென்னாப்பிரிக்கா இறுதிப் போட்டிக்கு முதல் 15இல் இரண்டே மாற்றம் செய்தது: லிபொக், கோபஸ் ரைனாக் வெளியே, பொல்லார்ட், டி க்ளெர்க் உள்ளே. ஜோடியாகவே மாற்றினார்கள்.

படி 6: மற்ற பேக்ஸ்

12, 13 இரண்டையும் தடுப்பாட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 13ஆம் எண்ணில் தடுப்பது மைதானத்திலேயே கடினமான வேலைகளில் ஒன்று, அகலமும் அதிகம், நேரமும் குறைவு. 11, 14, 15 மூவரும் உயரப் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவர்களா என்று பாருங்கள். வேகம் அதற்கு அடுத்துத்தான். ஒருவராவது இரண்டு மூன்று இடத்தில் ஆடக்கூடியவராக இருக்கட்டும். டேமியன் வில்லெம்ஸ 10, 12, 15 மூன்றிலும் ஆடுவார். அப்படி ஒருவர் முதல் 15இல் இருந்தால்தான் அடுத்த படியில் கை தாராளமாக இருக்கும்.

படி 7: பெஞ்ச் - 5-3, 6-2, 7-1

எட்டு இடத்தில் மூன்று முன்வரிசைக்குப் போய்விட்டது. மிச்சம் ஐந்து. வழக்கமான பங்கீடு ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக்ஸ்: ஒரு லாக், ஒரு பின்வரிசை, ஒரு 9, ஒரு 10, வெளியே ஆட ஒருவர். 2019இல் தென்னாப்பிரிக்கா 6-2 என்று மாற்றி, அந்த பெஞ்சுக்கு ‘பாம் ஸ்குவாட்’ (வெடிகுண்டுப் படை) என்று பெயரும் வந்தது. 2023 இறுதிப் போட்டிக்கு 7-1: ஃபூரி, ந்சே, ட்ரெவர் ந்யகனே, க்ளெய்ன், ஆர்.ஜி. ஸ்னைமன், க்வாகா ஸ்மித், ஜாஸ்பர் வீஸ. ஒரே ஒரு பேக் வில்லி லெ ரூ. மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் கிடையாது, மாற்று 10 என்று தனியாக யாரும் இல்லை. நியூசிலாந்து அதே நாளில் 5-3.

7-1 துணிச்சலா, சூதாட்டமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். சில ஆட்கள் இருந்தால் மட்டும் அது நியாயமான கணக்கு என்பது என் கருத்து. லெ ரூ 15, விங் ஆடுவார், 10ஆகவும் ஒப்பேற்றுவார். வில்லெம்ஸ பற்றி மேலே சொன்னேன். க்வாகா ஸ்மித் ஃபார்வர்டு என்றாலும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆட்டக்காரராக 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். அவசரத்துக்கு விங்கில் நிறுத்தலாம். இந்த மூன்று பேர் உங்கள் தாளில் இல்லாமல் 7-1 எழுதினால் அது வெறும் காப்பி.

பிரான்ஸ் 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் 7-1 வைத்தது. முதல் பாதியிலேயே கேப்டன் அன்டுவான் டுபோன் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேற, பெஞ்சின் ஒரே பேக்கான மாக்ஸிம் லூகூ இறங்க வேண்டியதாயிற்று. சென்டர் ஒருவரும் போனார். அந்த இடத்தில் ஆடியது ஃப்ளாங்கர் ஒஸ்கார் ஜெகூ. கையில் ஒரு பேக் கூட மிச்சம் இல்லை. பிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தது, ஏனென்றால் புதுக் கால்களோடு வந்த ஃபார்வர்டுகள் இரண்டாம் பாதியில் அயர்லாந்தைத் தின்றுவிட்டார்கள்.

இந்த இரண்டு போட்டியையும் பார்த்துவிட்டு எல்லா வாரமும் 7-1 எழுதத் தோன்றும். எதிரணி பந்தை அகலமாகக் கொண்டுபோய் வேகத்தில் ஆடும் அணி என்றால் 5-3தான் பாதுகாப்பு. இடைப்பட்டதற்கு 6-2.

படி 8: நீங்கள் எழுதியதை நீங்களே கெடுத்துப் பாருங்கள்

தாளை எடுத்து ஒவ்வொருவராக அடித்துப் பாருங்கள். 5ஆம் நிமிடத்தில் 2ஆம் எண் போனால்? 9ஆம் எண் தலைக்காயப் பரிசோதனைக்கு 12 நிமிடம் மைதானத்தை விட்டுப் போனால் அந்த 12 நிமிடம் யார் ஸ்க்ரமில் பந்து போடுவது? முன்வரிசைக்காரருக்கு மஞ்சள் அட்டை வந்து 10 நிமிடம் உட்கார்ந்தால் ஸ்க்ரமுக்காக எந்த ஃப்ளாங்கரை வெளியே எடுப்பீர்கள்? ஐரோப்பாவின் 2025 ஆறு நாடுகள் தொடரில் சிவப்பு அட்டைக்கும் 20 நிமிடம் கழித்து வேறொருவரை இறக்கலாம் என்ற முறை வந்தது; வேண்டுமென்றே செய்த கொடுமையான குற்றத்துக்கு மட்டும் கிடையாது. ஆக அதற்கும் பெஞ்சில் ஒருவரை மனதில் வைக்க வேண்டும்.

2023 இறுதிப் போட்டியில் முதல் கேள்வியே நிஜமாக வந்து நின்றது. மூன்று நிமிடம்கூட முடியவில்லை, ம்போனாம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஒரே ஹூக்கர். ஃபூரி உள்ளே வந்து கடைசி வரை ஆடினார். லைன்அவுட் தடுமாறியது, எறிந்த பந்துகள் சில நியூசிலாந்து கைக்குப் போயின. பொல்லார்டுக்காக அவர்கள் கொடுத்த விலை அது; அந்த விலை வரக்கூடும் என்று தெரிந்தேதான் எழுதியிருந்தார்கள். நியூசிலாந்தின் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டையில் வெளியேறியதும் கணக்கைச் சமன் செய்தது என்பதை மறைக்கக் கூடாது. 15க்கு 15 ஆக இருந்திருந்தால் அந்த லைன்அவுட் அவர்களைக் கவிழ்த்திருக்கலாம்.

உங்கள் தாளிலும் ஏதாவது ஒரு இடம் ஓட்டையாகத்தான் இருக்கும். அது எந்த இடம், எதற்காக விட்டீர்கள் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். காரணம் எழுத முடியாவிட்டால் படி 3க்குத் திரும்புங்கள்.

படி 9: அறிவிப்பும் கடைசி நேர மாற்றமும்

கிரிக்கெட்டில் டாஸ் வரை பதினொருவரை மறைக்கலாம். ரக்பியில் சனிக்கிழமை போட்டிக்கு வழக்கமாக வியாழக்கிழமையே 23 பெயரும் வெளியே வந்துவிடும். வீரர்களுக்கு அதற்கும் முன்பே, வாரத் தொடக்கத்திலேயே தெரியும். அந்தச் சேர்க்கையில்தான் பயிற்சி எடுப்பார்கள். ஆகவே நீங்கள் உங்கள் அணியைப் புதன்கிழமைக்குள் எழுதி முடித்துவிடுங்கள், வியாழக்கிழமை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிடும்போது 15 பேரில் எத்தனை சரி என்று எண்ணுவதை விட பெஞ்சின் பங்கீடு பொருந்தியதா என்று பாருங்கள். பங்கீடு பொருந்தினால் கோச் நினைத்த ஆட்டத்தையே நீங்களும் நினைத்திருக்கிறீர்கள்.

அறிவிப்போடு முடிவதில்லை. பயிற்சியில் தசை பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும், பெயர் மாறும். அதனால் 24ஆவது, 25ஆவது ஆளையும் எழுதி வையுங்கள். ஒருவர் ஃபார்வர்டு, ஒருவர் பேக். கழன்றவர் பேக் என்பதற்காக வருபவரும் பேக்காக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. 2023 ஆகஸ்ட் 25, ட்விக்கென்ஹாம். நியூசிலாந்துக்கு எதிரான தயாரிப்புப் போட்டிக்கு தென்னாப்பிரிக்கா 6-2 என்று அறிவித்திருந்தது. கடைசி நேரத்தில் லெ ரூ விலகினார். அவர் இடத்துக்கு இன்னொரு பேக்கைக் கொண்டுவராமல் க்வாகா ஸ்மித்தை உட்கார வைத்தார்கள். 7-1 முதன்முதலில் வந்தது அப்படித்தான். ஆட்டம் 35-7 என்று முடிந்தது. நியூசிலாந்து தன் வரலாற்றில் அதுவரை வாங்கிய மிகப் பெரிய தோல்வி அது. இரண்டு மாதம் கழித்து இறுதிப் போட்டியில் அதையே திட்டமிட்டு எழுதினார்கள்.